தாத்தாவின் பெயர் யாருக்குச் சொந்தம்?

தேக்காவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மசாலாக் கடை உண்டு. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கட்டுரை விளம்பரமாகிவிடும் என்பது ஒரு காரணம். அந்தப் பெயர் யாருடையது என்பதே இப்போது எங்கள் வீட்டில் வழக்காக இருப்பது இன்னொரு காரணம்.

தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். பழைய கண்டாங் கெர்பாவ் சந்தைக்கு அருகில் மல்லியும் மிளகாயும் அரைத்து விற்கத் தொடங்கினார். 1982இல் சந்தை இப்போதைய கட்டடத்துக்கு மாறிய பிறகும் வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கடைக்கு வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை. பொட்டலத்தில் தம் பெயரையே அச்சடித்தார். பிற்பாடு என் அப்பா அதில் அவருடைய படத்தையும் சேர்த்தார்.

தாத்தா மறைந்த சில ஆண்டுகளில் சித்தப்பா தனியே போனார். அவர் எங்கள் கடையில் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தவர். வறுக்கும் பக்குவம் அப்பாவைவிட அவருக்குத்தான் கைவந்தது என்று அம்மாவே சொல்வார். இரண்டு தெரு தள்ளி அவர் கடை திறந்தபோது பலகையில் தாத்தாவின் பெயர், பொட்டலத்தில் தாத்தாவின் படம், கீழே “அதே குடும்பம், அதே கைப்பக்குவம்” என்று ஒரு வரி. ஒருநாள் உணவு விநியோகம் செய்பவர் ஒருவர், வண்டு விழுந்த மீன்குழம்புத் தூளை எங்கள் மேசையில் வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். அது எங்கள் பொட்டலம் இல்லை. அப்பா எதுவும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனார்.

நான் சட்டம் படித்தவன் அல்லன், பொறியியல் படித்தவன். ஆனால் அந்த வழக்கறிஞர் தயாரித்துக் கொடுத்த கடிதம் அனுப்பப்படாமல் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்த மாதங்களில் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை நம் பேரவை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன். கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பழைய கதை. லண்டனில் ஸ்ட்ராண்ட் என்ற தெருவில் 107ஆம் எண் கடையில் பர்ஜஸ் என்பவர் நெத்திலி மீன் சாறு விற்றுவந்தார். நல்ல பெயர் பெற்ற சரக்கு. அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்த மகன் பிரிந்து போய், ‘பர்ஜஸின் நெத்திலிச் சாறு’ என்றே தானும் விற்கத் தொடங்கினார். தந்தை வழக்குத் தொடுத்தார். 1853இல் தீர்ப்பு வந்தது. மகன் பெயரும் பர்ஜஸ்தான். தன் பெயரைச் சொல்லித் தன் சரக்கை விற்பதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். அப்பா சாறு காய்ச்சினார் என்பதற்காக மகன் காய்ச்சக் கூடாதா என்பதே நீதிபதியின் கேள்வி. ஆனால் மகன் தன் கடையில் ‘முன்பு 107, ஸ்ட்ராண்ட்’ என்றும் எழுதி வைத்திருந்தார். அதற்கு மட்டும் தடை விழுந்தது. பெயர் அவருடையது, முகவரியின் புகழ் அப்பாவுடையது. இந்த நுட்பமான கோடுதான் இன்றுவரை பல வழக்குகளில் நீண்டு வருகிறது.

நூறு ஆண்டுகளில் அந்தக் கோடு இறுகியது. ஜெர்மனியில் க்னோல் என்றொரு நாற்காலிக் குடும்பம். அதில் வில்லி க்னோல் என்பவர் தம் சுருள்வில் இருக்கை முறையை இங்கிலாந்தின் பார்க்கர் நிறுவனத்துக்குக் கொடுத்தார். ‘பார்க்கர் க்னோல்’ என்ற பெயர் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. வில்லியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஹான்ஸ் க்னோல் 1938இல் நியூயார்க்கில் தம் தொழிலைத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் பின்னாளில் இங்கிலாந்தில் கடை விரித்தபோது, வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1962இல் தீர்ப்பு ஹான்ஸின் நிறுவனத்துக்கு எதிராக அமைந்தது. ஏமாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், ஒருவர் தம் சொந்தப் பெயரைக்கொண்டே தம் சரக்கை அடுத்தவர் சரக்கென்று மக்கள் மயங்கும்படி விற்கக் கூடாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. சித்தப்பா விற்ற பெயர், பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சிங்கப்பூர்ச் சட்டம் இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில் நிற்கிறது எனலாம். நம் வணிகச் சின்னச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன் 28ஆம் பிரிவு, ஒருவர் தம் பெயரையோ, தம் தொழிலில் தமக்கு முன்னவராக இருந்தவரின் பெயரையோ பயன்படுத்தினால், அது பதிவுபெற்ற சின்னத்தை மீறியதாகாது என்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: அந்தப் பயன்பாடு வணிக உலகின் நேர்மையான வழக்கத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். போட்டியாளரின் சின்னத்தை ஒப்பீட்டு விளம்பரத்தில் நியாயமாகக் குறிப்பிடுவதற்கும் அதே பிரிவு இடம் தருகிறது. “அவர்கள் தூளைவிட எங்கள் தூள் மலிவு” என்று உண்மையைச் சொல்லலாம். “நாங்கள்தான் அவர்கள்” என்று சொல்லத்தான் முடியாது.

இந்திய வணிகச் சின்னச் சட்டத்தின் 35ஆம் பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. டில்லியின் சவுத் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ராக்யான் குடும்பத்து நகைக்கடைகள் இரண்டுக்கு இடையே நடந்த வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையை உச்ச நீதிமன்றம் 2014இல் நீக்கியது. ஒரே குடும்பம், ஒரே வட்டாரம், இரு தரப்பும் ராக்யான்; தம் பெயரில் தொழில் செய்ய உரிமை உண்டு என்றது. ஆனால் அதே உச்ச நீதிமன்றம், ‘மகேந்திரா அண்டு மகேந்திரா காகித ஆலை’ பங்கு வெளியிட வந்தபோது மஹிந்திரா நிறுவனம் தொடுத்த வழக்கில் 2001இல் தடையை உறுதிசெய்தது. அரை நூற்றாண்டாக மக்கள் மனத்தில் பதிந்த பெயர் அது என்பதே அங்கே எடை கூடிய வாதம்.

இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் குடும்பப் பெயர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பர்ஜஸ், க்னோல், ராக்யான், மஹிந்திரா. தமிழர்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. விமான நிலையப் படிவங்களில் ‘சர்நேம்’ கட்டத்தின் முன் நாம் விழிப்பது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. நமக்கு இருப்பது இட்ட பெயர் ஒன்று, அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று. அப்படியானால் நிறுவனரின் பெயர் அவரோடு முடிந்துபோக வேண்டுமே? முடிவதில்லை. மகனின் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது; பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்று பொருள்.

எங்கள் வீட்டில் என் பெயர் தாத்தாவின் பெயர். சித்தப்பா மகன் பெயரும் தாத்தாவின் பெயர். வீட்டில் எங்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் அழைப்பார்கள். அடையாள அட்டையில் இருவருக்கும் ஒரே பெயர். ‘சன் ஆஃப்’ என்பதற்குப் பின்னால் வருவது மட்டும் வேறு. சித்தப்பா தம் கடையைச் சின்னவன் பெயரில்தான் பதிந்திருந்தார். ஆகவே பலகையில் இருப்பது தாத்தாவின் பெயரா, தம்பியின் பெயரா? இரண்டும்தான்.

சட்டம் சொல்லும் ‘தொழிலில் முன்னவர்’ என்பதை நம் வீடுகளில் ‘முன்னோர்’ என்று படித்துவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. முன்னவர் என்றால் யாருடைய தொழிலை நாம் முறைப்படி ஏற்று நடத்துகிறோமோ அவர். இரத்த உறவு இல்லாத ஒருவர் கடையை விலைக்கு வாங்கினால் அவருக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. பிரிந்துபோன சொந்த மகனுக்கு இல்லாமலும் போகலாம். புலித் தைலத்தை எண்ணிப் பாருங்கள். அதில் உள்ள புலி நிறுவனரின் பெயரேதான். ஆவ் பூன் ஹாவ் என்பதில் ஹாவ் என்றால் புலி. தம்பி பூன் பாரின் பெயரில் சிறுத்தை. அண்ணன் தம்பி இருவரின் பெயரும் சேர்ந்த ஹாவ் பார் நிறுவனம் 1971இல் ஆவ் குடும்பத்தின் கையை விட்டு வெளியாரிடம் போனது. பெயர் நிறுவனத்தோடு போனது, குடும்பத்தோடு தங்கவில்லை.

பட்டப்பெயருக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பது என் கருத்து. திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 1957இல் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார் என்பதால் மக்கள் கடையைத் தலப்பாக்கட்டி என்றார்கள். பிறகு சென்னையில் அதே ஓசையில் வேறு பிரியாணிக் கடை வந்தபோது விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைப்பாகை யார் வேண்டுமானாலும் கட்டலாம்; ஆனால் தலப்பாக்கட்டி என்று யாருக்கும் பிறப்புச் சான்றிதழில் பெயர் வைப்பதில்லை. ‘என் சொந்தப் பெயர்’ என்ற வாதம் அங்கே எளிதில் எழாது. நம் ஊர்க் காத்தோங்கில் லக்சா விற்ற ஒருவருக்கு முகவாயில் இருந்த முடியால் ‘ஜங்குட்’ என்று பட்டப்பெயர் வந்தது. பின்னாளில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் எது அசல் காத்தோங் லக்சா என்று கடைகள் மோதிக்கொண்டதைப் பழைய மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். தாத்தாவின் பெயரை வணிகச் சின்னமாக யாராவது பதிந்தார்களா என்று தேடினேன். யாரும் பதியவில்லை. அப்பாவிடம் இருந்தது வணிகப் பெயர்ப் பதிவு மட்டுமே. அது அக்ராவிடம் செய்வது. கடை நடத்துவது யார் என்று காட்டும் ஏடு. வணிகச் சின்னம் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் தனியே பதிய வேண்டியது. மசாலாவுக்கு 30ஆம் வகுப்பு, உணவகச் சேவைக்கு 43ஆம் வகுப்பு. ஒருமுறை பதிந்தால் பத்து ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதியாதவர்களுக்கு வழியே இல்லை என்பதில்லை. ‘பாஸிங் ஆஃப்’ என்ற பொதுச் சட்ட வழக்கு உண்டு. ஆனால் அதில் நற்பெயர், மக்களின் மயக்கம், நமக்கு நேர்ந்த இழப்பு மூன்றையும் நாமே மெய்ப்பிக்க வேண்டும். வண்டு விழுந்த பொட்டலம் ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த சாட்சி. அதையும் அம்மா குப்பையில் போட்டுவிட்டார்.

சின்னவனைத் தேக்கா நிலையத்தின் உணவுக்கடைப் பகுதியில் சந்தித்தேன். தே தாரிக் ஆறும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவன்தான் கேட்டான். “அண்ணே, தாத்தா படத்த எடுத்துடுறோம். ‘அதே குடும்பம்’ங்கறதையும் எடுத்துடுறோம். ஆனா என் பேரை நான் எங்க போய் மாத்தறது?”

நான் பர்ஜஸ் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். நெத்திலி என்றதும் அவனுக்கும் தாத்தா ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெத்திலிக் கருவாட்டுக்கென்று தனியே ஒரு தூள் அரைப்பார் அவர்.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்டது இனிஷியலை. தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருப்பது அவருடைய அப்பாவின் முதலெழுத்து. சின்னவன் பெயருக்கு முன்னால் வர வேண்டியது சித்தப்பாவின் முதலெழுத்து. அந்த ஓர் எழுத்தைப் பெயரின் அளவுக்கே அச்சிட்டு, பொட்டலத்தின் நிறத்தையும் மாற்றிவிட்டால், அது உண்மையிலேயே அவனுடைய பெயர்தான். அப்பா தாத்தாவின் பெயரையும் படத்தையும் முறைப்படி பதிவார். சித்தப்பா எதிர்ப்புச் சொல்லமாட்டார். இதை எழுதிக் கையெழுத்திட வழக்கறிஞரிடம் புதிய கடிதம் கேட்டிருக்கிறோம். பழைய கடிதம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

சென்ற வாரம் புதுப் பொட்டலத்தின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. நிறம் பச்சை. படம் இல்லை. இனிஷியல் மட்டும் கடுகளவு இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இன்னும் பெருசா போடச் சொல்லு” என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கிச் சின்னவனுக்குப் படமெடுத்து அனுப்பினேன். அவனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.