உங்களுக்குத் தெரியுமா? மலாக்கா தண்டவாளம் எல்லை தாண்டியது!

மலாக்கா மாநிலத்தின் சுங்கை ரம்பாய்க்காரர்கள் ரயில் பிடிக்க இன்று புலாவ் செபாங் போன்ற நிலையங்களுக்குப் போக வேண்டும். முன்பு தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கே ஒரு கிளைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதைப் பெயர்த்து சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை போட நம் தோட்டத் தமிழர்களையும் ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்றார்கள், பலர் திரும்பவேயில்லை.

இன்று நம் சரக்கு ரயில்களும் எல்லை தாண்டுகின்றன. மலேசியாவிலும் தாய்லாந்திலும் தண்டவாள அகலம் ஒரே 1 மீட்டர். அதனால்தான் மலேசிய ரயில் நிறுவனமான கே.டி.எம்.மின் சரக்கு ரயிலின் கண்டெய்னர்களை பாடாங் பெசார் எல்லையில் வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதில்லை. 2024இல் தொடங்கிய ஆசியான் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயில், தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவின் சோங்சிங்கை எட்டுகிறது. லாவோஸில் மட்டும் கிரேன் வேண்டும்: சீனாவுக்குப் போகும் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர்.