உங்களுக்குத் தெரியுமா? கல் சோறு போடும் ஊர்

● மாமல்லபுரத்தின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

● ஐந்து ரதங்களில் ஒன்றுகூடக் கல் அடுக்கிக் கட்டியதல்ல. பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சில ரதங்களின் மேற்பகுதி முழுமையாகவும் அடிப்பகுதி அரைகுறையாகவும் நிற்பது அதனால்தான்.

● முற்றுப்பெறாத குகைகளுக்குள் எட்டிப் பாருங்கள். பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவில் துருத்திய கல்லைத் தட்டி எடுத்த தடம் இன்றும் தெரியும். பல்லவச் சிற்பியின் பாடப்புத்தகம் அது!

● கடற்கரைக் கோயிலுக்குப் பெரிய எதிரி உப்பு. கல்லுக்குள் ஊறி, காயும்போது படிகமாகி, சிற்பத்தின் மேற்பரப்பை உதிர்த்துவிடும். எனவே தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைச் சுவரில் அப்புகிறார்கள். காயக் காயக் கூழ் உப்பை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு உரித்தெடுத்துவிடுவார்கள்.

● அலை அரிக்காமலிருக்கக் கடலோரம் பாறைக்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. உப்புக்காற்றின் வேகத்தைத் தணிக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன.

● 2004 சுனாமிக்குப் பிறகு, அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுப் பாறை வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தோண்டியபோது பழமையான முருகன் கோயிலின் அடித்தளம் கிடைத்தது.

● கொரோனாவின் பாதிப்பு நீங்காத 2021-22-ல், மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38,922 பேர்தான்.

● இங்கு 1957-ல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி மையம்தான் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. குமரியின் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர்.

● மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு 2017-ல் கிடைத்தது.

● ஒரு சிலைக்குப் பின்னால் பல அடுப்புகள் எரிகின்றன. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதைக் காய்ச்சி அடித்துக் கூராக்கும் கொல்லர், கல் ஏற்றும் லாரிக்காரர், மெருகு போடுபவர், வழிகாட்டி, ஆட்டோக்காரர், இளநீர் விற்பவர் என அந்த வரிசை நீளும். பழைய பாறையைப் பார்க்க ஆள் வந்தால்தான் புதிய சிலைக்கும் கிராக்கி.

● நாம் செய்யக்கூடியது எளிது. சிற்பத்தின் மேல் ஏறாதீர்கள், கையால் தேய்க்காதீர்கள், பெயர் கீறாதீர்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். சிலை வாங்குவதானால் பட்டறைக்கே போய், செதுக்கியவர் கையிலிருந்து வாங்குங்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தெருவில் உளிச் சத்தம் கேட்கிறதே, அதுவும் காக்க வேண்டிய பாரம்பரியம்தான்.