வேள்விக்குடிச் செப்பேடும் பாண்டியர் குடிவழியும்

புன்னைக்காயலுக்கு மேற்கே, இந்நாளில் கடலை விட்டு விலகிக் கிடக்கும் கொற்கை, பண்டு பாண்டியரின் முத்துத்துறையாய்த் திகழ்ந்தது. அப்பாண்டியரின் இடைக்காலக் குடிவழியை அறிதற்குத் தலையாய சான்று வேள்விக்குடிச் செப்பேடாம். அஃது ஏறத்தாழக் கி.பி. 770இல், நெடுஞ்சடையன் ஆட்சியின் 3ஆம் ஆண்டில் எழுந்தது.

நற்சிங்கன் என்பான் அவ்வேந்தன்முன் முறையிட்டான்: தன் முன்னோனாகிய கொற்கைகிழான் நற்கொற்றனுக்குச் சங்கநாளைய முதுகுடுமிப் பெருவழுதி அளித்த வேள்விக்குடியைக் களப்பிரர் கவர்ந்தனர் என்றான். அவ்வுரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு வேந்தன் பணித்தான். அவ்வாறு மெய்ப்பித்தபின் ஊரை மீட்டளித்தான்.

வேந்தனின் குடிவழியையும் அவ்வேடே கூறும். களப்பிரரை அகற்றிய கடுங்கோன், அவனிசூளாமணி, சேந்தன், அரிகேசரி, கோச்சடையன், இராசசிம்மன், நெடுஞ்சடையன் எனத் தந்தையும் மகனுமாய் எழுவர் நிரல் தெளிவாயுள்ளது. ஆயின் முதுகுடுமிக்கும் கடுங்கோனுக்கும் இடைப்பட்ட பாண்டியர் ஒருவர் பெயரேனும் அதில் இல்லை. வடமொழிப் பகுதியோ திங்களையே குலமுதல் என்னும்.

குடியானவனிடம் பழமைக்குச் சான்று வேண்டிய வேந்தன், தன் குடியின் இடைவெளிக்குச் சான்று காட்டிற்றிலன். ஆதலின் எழுவர் நிரலை வரலாறாகவும், முதுகுடுமியின் வழிவந்தமையை அக்குடியின் கூற்றாகவும், திங்கள் மரபைப் புராணமாகவும் கொள்ளுதலே நேரிது. நற்சிங்கனுக்கு இட்ட முறையே அரசர்க்கும் முறையாதல் வேண்டுமன்றோ?