வாசலில் கிடக்கும் தாழ்க்கட்டை

ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் எத்தனையோ சொற்களுக்குப் பொருள் கூறியிருக்கிறேன். ஒரு சொல்லுக்கு மட்டும் உடனே விடை கூற இயலவில்லை. தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பற்றிய ஆங்கிலச் செய்தியொன்றை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்த மாணவன், "சாரே, துறைமுக வாசலில் ஏது பார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் அவனுடைய தந்தை கடலுக்குச் சென்று திரும்புகிறார்.

'பார்' என்றதும் நம்மில் பலருக்கு மதுக்கூடம்தான் நினைவுக்கு வரும். வழக்குரைஞர்களுக்கு 'பார் கவுன்சில்', கடைக்காரருக்கு 'பார்கோடு', நகை வணிகருக்குத் தங்க 'பார்' என்று அதே சொல் பல வேடங்களில் உலவுகிறது. இவற்றுக்குள் உறவு உண்டா? உண்டு. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் முதற்பொருள் நீண்ட கம்பு. கதவு திறவாதபடி குறுக்கே இடப்படும் தாழ்க்கட்டை.

இந்த ஒரு வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, வடிவம் பற்றியது. நீளவாக்கில் அமைந்த தங்கக் கட்டியும் சோப்புக் கட்டியும் 'பார்' ஆயின. 1974 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலக் கடையொன்றில் முதன்முதலாகப் பொருள் விற்பனைக்குப் பயன்பட்ட கோட்டுக்குறியீடும் அதன் கருங்கோடுகளால்தான் 'பார்கோடு' எனப் பெயர் பெற்றது.

மற்றொரு கிளை, குறுக்கே நிற்பதைப் பற்றியது. சிறைக்கம்பியும் சட்டத்தடையும் இக்கிளையைச் சேர்ந்தவை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நீதிபதி அமரும் பகுதியை மற்றவர்களிடமிருந்து பிரித்த மரத்தடுப்பின் பெயரே பின்னர் வழக்குரைஞர் தொழிலுக்கு ஆகிவந்தது. 'பாரிஸ்டர்' பிறந்ததும் அங்கேதான். மது ஊற்றித் தருபவருக்கும் அருந்துபவருக்கும் இடையே இருந்த நீண்ட மேடையும் ஒரு தடுப்பே. நாளடைவில் மேடையின் பெயர் கூடத்துக்கே வந்துவிட்டது. வானிலை அறிக்கையில் வரும் 'மில்லிபார்' மட்டும் வேறு குடும்பம். அது எடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

மாணவன் கேட்ட 'பார்' இரண்டாம் கிளையைச் சேர்ந்தது. ஆற்றின் வாயிலோ துறைமுகத்தின் வாயிலோ நீருக்கடியில் குறுக்கே படியும் மணல் வரம்பை ஆங்கிலேய மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். கடலின் வாசலுக்கு இடப்பட்ட தாழ்க்கட்டை என்பது அவர்கள் கண்ட உவமை. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1889-இல் தம் மரணத்தை எண்ணி எழுதிய கவிதைக்கு 'கிராசிங் த பார்' என்று பெயரிட்டபோது, அவர் குறித்ததும் இந்த மணல் வரம்பைத்தான்.

தேங்காய்ப்பட்டணத்தில் அது உவமையன்று. குழித்துறை வழியாக வரும் தாமிரவருணி, அரபிக்கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ளது இத்துறைமுகம். கரையோர நீரோட்டம் சுமந்து வரும் மணல், வேகம் குறையும் முகத்துவாரத்தில் படிகிறது. அலையின் உயரம், நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அது நிமிர்ந்து உடையும். ஆழம் ஐந்து மீட்டராக இருந்தால் இரண்டு மீட்டர் அலை படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். மணல் படிந்து ஆழம் இரண்டரை மீட்டராகக் குறைந்தால், அதே அலை படகின் மீது உடைந்து விழும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த வாசலில் படகுகள் கவிழ்ந்து மீனவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஆழ்கடலில் பிழைத்து, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் மாண்டவர்களும் அவர்களுள் உண்டு.

வியப்பு என்னவெனில், நம் கடலோர மக்களிடமும் 'பார்' என்ற சொல் இருக்கிறது. அது தூய தமிழ்ச்சொல். கடலடியில் மீன் அடையும் பாறைத்திட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் அது. மன்னார் வளைகுடாவின் முத்துப் படுகைகளுக்கும் அதே பெயர்தான். கரையில் தெரியும் மலையையும் ஆலயக் கோபுரத்தையும் அடையாளமாக நேர்வைத்து, கண்ணுக்குத் தெரியாத பாரைத் தேடிச் செல்லும் அறிவு அவர்களுடையது. தமிழ்ப் பார் அவர்களுக்குச் சோறிடுகிறது. ஆங்கிலப் பார் அவர்களைக் காவு கொள்கிறது. ஒலி ஒன்று, விதி வேறு.

இரண்டாவதை நாம் 'மணல் திட்டு' என்று எழுதுகிறோம். இங்குதான் எனக்கு ஓர் ஐயம். திட்டு என்றால் ஓரிடத்தில் கிடப்பது, ஒருமுறை அள்ளினால் தீர்ந்துவிடுவது என்ற எண்ணம் எழுகிறது. தாழ்க்கட்டை அப்படியன்று, நாம் திறக்கத் திறக்க, கடல் மீண்டும் இட்டுக்கொண்டே இருக்கும்.

கொச்சி இதற்குச் சான்று. அதன் வாசலை அடைத்திருந்த மணல் வரம்பை வெட்டித் திறக்க, 1920-இல் அங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ பல ஆண்டுகள் உழைத்தார். 1928-இல் கப்பல் உள்ளே நுழைந்தது. அள்ளிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை. இன்றளவும் கொச்சியின் கப்பல் வழி தொடர்ந்து தூர்வாரப்பட்டுத்தான் வருகிறது. அங்கே அதை ஒருமுறைச் செலவாக எவரும் கருதுவதில்லை.

கப்பலுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம் வள்ளத்துக்கும் கிடைக்க வேண்டும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை உள்ள நாள்களிலும், நாட்டுப் படகுகள் இதே சீற்றத்தைக் கடந்தே செல்கின்றன. பருவமழைக்கு முன்பும் பின்பும் முகத்துவாரத்தின் ஆழத்தை அளந்து வெளியிடுவதும், கடக்கத் தகாத நாள்களில் வாசலிலேயே விளக்கு எச்சரிக்கை தருவதும், ஆண்டுதோறும் தூர்வார நிதி ஒதுக்குவதும் இயலாதவை அல்ல.

அன்று அந்த மாணவனுக்குக் கரும்பலகையில் ஒரு கதவையும் அதன் குறுக்கே ஒரு கட்டையையும் வரைந்து காட்டினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அப்போ இதைத் தினமும் யாராவது எடுக்கணுமே, சாரே" என்றான். சொல்லின் பொருள் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்க வேண்டியவர்களுக்கு விளங்குவதுதான் பாக்கி.