கத்திப்பாராவில் நடப்பவருக்கும் ஓர் இடம்

விமான நிலையத்திலிருந்து சென்னை நகருக்குள் வருபவர் முதலில் சந்திக்கும் பெரிய ஜங்ஷன் கத்திப்பாரா. கிண்டிக்குப் போகும் அண்ணா சாலை, தாம்பரம் போகும் ஜி.எஸ்.டி. சாலை, வடபழனி, கோயம்பேடு பக்கம் போகும் நூறடி சாலை, போரூர் வழியே பூந்தமல்லிக்குப் போகும் சாலை எல்லாம் இங்கேதான் கூடுகின்றன.

மேம்பாலம் வருவதற்கு முன் இது ரவுண்டானா. அங்கிருந்த நேரு சிலையை 1987 டிசம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். எம்.ஜி.ஆர். கலந்துகொண்ட கடைசிப் பொதுவிழா அதுதான். அடுத்த சில நாள்களிலேயே அவர் மறைந்தார். வண்டிகள் குறைவாக இருக்கும்வரை ரவுண்டானா நன்றாகவே வேலை செய்யும். கூட்டம் ஏறினால், சுற்றுக்குள் இருப்பவர் வெளியேற முடியாது, வெளியே நிற்பவர் உள்ளே நுழைய முடியாது.

அதற்கு விடையாக வந்த மேம்பாலத்தை 2008 அக்டோபர் 26 அன்று முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். மேலிருந்து பார்த்தால் நான்கு இதழ் விரிந்த இலைபோல் தெரியும் இந்த வடிவத்துக்கு அமெரிக்காவின் ஆர்தர் ஹேல் 1916-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1929-ல் நியூஜெர்சி மாநிலத்தின் வுட்பிரிட்ஜில் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சாலை மேலே, இன்னொன்று கீழே. வலப்புறம் திரும்ப வேண்டியவர் எதிர்வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்; சந்திப்பைத் தாண்டிப்போய், இடப்புற வளைவில் முக்கால் வட்டம் சுற்றி, தன் சாலையில் சேர்ந்துகொள்ளலாம். சிக்னலே தேவையில்லை.

ஆனால் ஒரு வளைவிலிருந்து இறங்குபவரும் அடுத்த வளைவில் ஏறப்போகிறவரும் ஒரே சிறு துண்டுச் சாலையில் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இறங்குபவர் வலப்பக்கம் ஒதுங்குவார்; ஏறுபவர் இடப்பக்கம் வருவார். பேருந்தும் இருசக்கர வண்டியும் அங்கே உரசாமல் போவது ஓட்டுநர்களின் சாமர்த்தியம்தான். இந்தச் சிக்கலால்தான் அமெரிக்காவிலேயே பல சந்திப்புகளில் இத்தகைய வளைவுகளைக் குறைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய குறை, வண்டியில்லாதவர் விஷயத்தில். சக்கரங்களுக்கு வழி கிடைத்தது, கால்களுக்குக் கிடைக்கவில்லை. தாம்பரம் பேருந்திலிருந்து பையும் குழந்தையுமாக இறங்கும் ஒரு பெண், வடபழனி பேருந்தைப் பிடிக்க வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தாக வேண்டியிருந்தது. 2015 ஜூனில் ஆலந்தூர்–கோயம்பேடு மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, அருகிலிருக்கும் ஆலந்தூர் நிலையத்துக்கு நடந்து செல்வோரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

வளைவுகள் விழுங்கிய நிலம்தான் கடைசியில் கைகொடுத்தது. பாலத்தின் அடியில் கிடந்த அந்த இடத்தைச் சீரமைத்து, பேருந்து நிற்கும் இடம், வாகன நிறுத்தம், கடைகள், சிறுவர் விளையாடும் இடம் என்று நகர்ப்புறச் சதுக்கமாக மாற்றினார்கள். 2021 டிசம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திறந்துவைத்தார். பாலம் வந்து 13 ஆண்டுகள் கழித்து!

இது முதல் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டிய வேலை. சுற்றிலும் வீடுகளும் மெட்ரோ தூண்களும் நெருங்கிவிட்ட கத்திப்பாராவில் வளைவுகளை இனி அகலப்படுத்துவது கடினம். ஆனால் பேருந்திலிருந்து ரயிலுக்குப் போகிறவர் நிழலில், தடுக்கி விழாமல் நடக்க ஒரு நடைபாதை போட அவ்வளவு இடம் தேவையில்லை.