கப்பலோட்டிய வர்த்தக மாலுமிகள்



அன்புவழிபுரத்தில் வாழ்வோர்க்குத் திருகோணமலைத் துறைமுகம் புதியதன்று. அத்துறைமுகத்தின் நீரடியில் ‘சாகைங்’ என்னும் வர்த்தகக் கப்பல் ஒன்று முக்கால் நூற்றாண்டு கிடந்தது. 1942 ஏப்பிரில் 9-ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, வெடிமருந்தும் விமானங்களும் ஏற்றி வந்த அக்கப்பல் தீப்பற்றியது. 1943-இல் அதனை மூழ்கடித்து இறங்குதுறையாக்கினர். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையினர் அதன் உடற்கூட்டை மேலே எடுத்தனர்.

கப்பல் மீண்டது, அத்தகைய கப்பல்களில் உழைத்தோரின் நினைவு மீண்டதா?

அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ போர்க்கப்பலைப் பலர் அறிவர். அன்றே மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பலை அறிந்தோர் சிலரே. குண்டு இரண்டின்மீதும் வீழ்ந்தது. புகழோ ஒன்றையே அடைந்தது.

இவ்வேறுபாடு எதனால் வந்தது? போர்க்கப்பல் வீரர் அரசின் படையினர். வர்த்தக மாலுமியோ கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்த கூலியாள். பிரித்தானிய வர்த்தகக் கப்பல்களில், 1941 மே மாதம் வரை, கப்பல் மூழ்கிய அன்றே சம்பளமும் நின்றுவிடும் என்பது வழக்கம். உயிர்காப்புப் படகில் தத்தளித்தவனுக்கு அந்நாட்களின் ஊதியம் இல்லை!

அக்கப்பல்களில் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்திய மாலுமிகள் பல்லாயிரவர் இருந்தனர். வெள்ளை மாலுமியினும் மிகக் குறைந்த சம்பளமே அவர்களுக்குக் கிடைத்தது. ஆபத்தில் மட்டும் குறைவில்லை. கடலில் மாண்ட ஏறத்தாழ 6,000 இந்திய வர்த்தக மாலுமிகளுக்குக் கல்லறை இல்லை. அவர்தம் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் பேணப்படும் நினைவேடுகளில் உள்ளன.

பிற நாடுகளிலும் நீதி தாமதித்தே வந்தது. போர் முடிந்தபின் படைவீரர்க்கு அளிக்கப்பட்ட சலுகைகள் வர்த்தக மாலுமிகளுக்குக் கிட்டவில்லை. அமெரிக்காவில், நீதிமன்றத் தீர்ப்பொன்றை அடுத்து, 1988-இலேயே அவர்கள் முன்னாள் போர்வீரராக ஏற்கப்பட்டனர். கனடாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியது. அதற்குள் பலர் மறைந்துவிட்டனர்.

உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் வாராதிருந்தால் எப்படை போரிட்டிருக்கும்? ஆதலின், சுமந்து வந்தவனையும் போரிட்டவனோடு ஒப்ப மதிப்பதே முறை. அம்மதிப்புக்குச் சான்று வேண்டும். உங்கள் இல்லத்துப் பழம்பெட்டியில் பாட்டனாரின் கப்பற் பணிக்குறிப்பேடு ஏதேனும் இருக்குமாயின், அதனைக் குப்பையென எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள கப்பலின் பெயரும் தேதியும் ஒரு மனிதனின் சேவைக்கு எஞ்சிய சாட்சியாக இருக்கலாம்.