நொண்டாத பூனை

எங்கள் வீட்டுப் பூனைக்கு அம்மணி என்று பெயர். பதிமூன்று வயது முடிந்துவிட்டது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் அவளுடைய சிம்மாசனம். தரையிலிருந்து ஒரே தாவு, மேலே இருப்பாள். போன மழைக்காலத்தில்தான் அவள் மாடிப்பக்கமே வருவதில்லை என்பது உறைத்தது. “வயசாச்சில்ல, அடங்கிட்டா” என்றார் அம்மா. எனக்கும் அது சரியென்றே பட்டது. சாப்பாடு குறையவில்லை, கத்தவில்லை, நொண்டவில்லை.

ஒருநாள் அவள் நாற்காலியில் ஏறப் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பின்னங்காலைக் குறுக்கி உட்கார்ந்தாள். அண்ணாந்து அளவெடுத்தாள். எழுந்து, இடம் மாறி, மறுபடி உட்கார்ந்தாள். கடைசிவரை தாவவே இல்லை. முன்னங்கால் இரண்டையும் இருக்கையில் ஊன்றி, நகத்தைக் கொடுத்து, உடம்பை இழுத்துக்கொண்டு ஏறினாள். டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடித்து ஏறும் பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப் பார்த்தால் இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. அந்த இடத்தை நக்க வேண்டுமானால் முதுகை வளைக்க வேண்டும். அதை அவள் எப்போதோ நிறுத்தியிருக்கிறாள்.

மூட்டுத் தேய்மானம். நம் பாட்டிகளுக்கு வருகிற அதேதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், ஆறு மாதக் குட்டி முதல் இருபது வயதுக் கிழம் வரை நூறு வீட்டுப் பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது. நூறில் 92 பூனைகளுக்கு எங்காவது ஒரு மூட்டில் தேய்மானம் தெரிந்தது. அதிகம் பாதிக்கப்பட்டது இடுப்பு மூட்டு. அடுத்து முழங்கால், கணுக்கால், முன்னங்கால் முட்டி. இத்தனை பூனைகளுக்கு இருக்கும் நோய் ஏன் நம் கண்ணில் படுவதில்லை?

நாய்க்குக் கால் வலித்தால் நொண்டும், ஊரே பார்க்கும். பூனைக்குப் பெரும்பாலும் இரண்டு பக்க மூட்டும் சேர்ந்தே தேய்கிறது. ஒரு கால் வலித்தால் பாரத்தை மறு காலுக்கு மாற்றலாம், அதுதான் நொண்டல். இரண்டுமே வலித்தால் எங்கே மாற்றுவது? அதனால் நடை கோணுவதில்லை, நடப்பதுதான் குறைகிறது. இன்னொன்று, வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும் சின்ன விலங்கு. எலிக்கு அது எமன், கழுகுக்கும் நரிக்கும் அது இரை. காலில் வலி என்று வெளியே காட்டிக்கொண்டால் முதலில் கவனிப்பது அந்தக் கழுகாகத்தான் இருக்கும். ஆகவே பூனையின் வலியை அது செய்வதில் தேடிப் பயனில்லை. செய்யாமல் விட்டதில் தேட வேண்டும்.

இனி மூட்டுக்குள்ளே போவோம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஒரு விசித்திரமான பொருள். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. பிறகு எப்படி உயிரோடு இருக்கிறது? மூட்டில் பாரம் ஏறும்போது பஞ்சைப் பிழிவதுபோல் உள்ளிருக்கும் நீர் கொஞ்சம் வெளியேறும். பாரம் இறங்கியதும் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் திரவத்தில்தான் அதன் சாப்பாடு. நடந்தால்தான் சோறு என்ற கணக்கு. வலியால் அசையாமல் படுத்தே கிடந்தால் மூட்டு மேலும் பட்டினி கிடக்கும், தசையும் இளைக்கும், அதனால் வலி இன்னும் கூடும். நரம்பு இல்லாததால் குருத்தெலும்பு தேயத் தொடங்கும்போது எந்தப் புகாரும் எழாது. தேய்ந்து, அடியிலுள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் சீண்டப்பட்ட பிறகுதான் சேதி மூளைக்குப் போகிறது.

அந்தச் சேதியை உரக்கச் சொல்ல வைப்பதில் ஒரு புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் கதை இத்தாலியில், தூரின் நகரத்துப் படுக்கையறை ஒன்றில் தொடங்குகிறது. 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தின. ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இளம் மருத்துவர் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, கோழி முட்டைக் கருக்களில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று அதே வேலையைத் தொடர்ந்தவர், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கண்டறிந்தார். அதைப் பிரித்தெடுக்க உதவிய ஸ்டான்லி கோஹனுடன் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கருவில் நரம்பை வளர்க்கும் இந்தப் புரதம், வளர்ந்த உடம்பில் வேறு வேலை பார்க்கிறது. புண்பட்ட மூட்டிலிருந்து கசிந்து, அக்கம்பக்க நரம்பு முனைகளை உசுப்பிவிடுகிறது. லேசான அழுத்தமும் வலியாகிவிடுகிறது.

இதைப் பிடித்துக் கட்டிப்போட்டால்? மனிதர்களுக்காக அப்படி ஓர் ஆன்டிபாடி மருந்தை உருவாக்கினார்கள். வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021இல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் நிபுணர் குழு வேண்டாமென்று சொல்ல, அந்த முயற்சி கைவிடப்பட்டது. பூனைகளுக்கென்று செய்த ஃப்ருனெவெட்மாப் என்ற மருந்து தேறிவிட்டது. மாதம் ஓர் ஊசி. 2022 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்தது. விலங்குகளுக்கென்று அந்த ஆணையம் அனுமதித்த முதல் ஒற்றைவகை ஆன்டிபாடி மருந்து அதுதான். மூட்டுவலிக்கார மனிதன் இன்னும் காத்திருக்கிறான், பூனை முந்திக்கொண்டது.

பூனைக்கு மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பதே தனி வித்தை. வட கரோலினாக் குழு பாதிப் பூனைகளுக்கு வலி மருந்தும் மீதிக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்து வளர்ப்பவர்களிடம் கேட்டது. இரண்டு தரப்பாரும் “நல்லா இருக்கு” என்றார்கள். போலி மருந்து சாப்பிட்டது பூனை, குணமானது வளர்ப்பவர்! பிறகு யாருக்கும் சொல்லாமல் எல்லாப் பூனைக்கும் போலி மருந்தையே கொடுத்தார்கள். நிஜ மருந்து பெற்றுவந்த பூனைகளின் வீட்டில் மட்டும் “மறுபடி மோசமாகிவிட்டது” என்று புகார் வந்தது. வலி குறைந்ததைவிடத் திரும்பி வந்ததையே நம் கண் சரியாகப் பிடிக்கிறது. கடைகளில் விற்கும் குளுக்கோசமைன் பொடிகளைப் பற்றி என் பூனைக்காரத் தோழி புகழும்போதெல்லாம் இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது. அவற்றுக்கான சான்று மெலிந்தது. மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புக்குச் சான்று கொஞ்சம் மேல். ஆளிவிதை எண்ணெய் அதற்கு ஈடாகாது. அதை வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் திறன் பூனை உடம்பில் மிகக் குறைவு.

இங்கே கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை உடைத்து வெளியேற்ற உதவும் மரபணு பூனைக் குடும்பம் முழுக்கவே பழுதாகிக் கிடக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த வம்சத்துக்குச் செடி நஞ்சுகளைக் கழிக்கும் தேவை இல்லாததால் அது தேய்ந்துபோயிருக்கும் என்பது விளக்கம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று நாலு கிலோ பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். வலித் தைலமும் தடவாதீர்கள். தடவியதை அது நக்கி விழுங்கும். மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகளைக்கூட, கிழப் பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சகஜம் என்பதால், மருத்துவர் ரத்தம் பார்த்துத்தான் தருவார்.

அம்மணிக்கு மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது எடைக் குறைப்பு. அரைக் கிலோ இறக்கச் சொன்னார். பூனைக்கு அது சின்னக் கணக்கல்ல. மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்தினோம். கிழப் பூனை நகத்தைத் தேய்ப்பது குறைவதால் அது வளைந்து பாதத்திலேயே குத்தும் என்று அவர் காட்டிய பிறகு, மாதம் ஒருமுறை வெட்டுகிறோம். நாற்காலி அருகே ஒரு முக்காலி, கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு பழைய மரப்பெட்டிகள். இப்போது மூன்று தவணையில் சுவருக்குப் போகிறாள்.

உங்கள் பூனை ஓடுகிறதா, மேலே தாவுகிறதா, கீழே குதிக்கிறதா, படி ஏறுகிறதா, படி இறங்குகிறதா, அசையும் பொருளைத் துரத்துகிறதா? மருத்துவர்கள் கேட்பது இந்த ஆறும்தான். பரிசோதனை மேசையில் எந்தப் பூனையும் இதைச் செய்து காட்டாது. ஆகவே இன்றைக்கே அது மேலே ஏறுவதைச் செல்போனில் பிடித்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். மருத்துவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.